வீடு தூங்கினால் பிள்ளை தூங்கும்

விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ராத்திரி பதினொரு மணி. மிருதங்கம் அதிர்கிறது, ஆர்மோனியம் அலறுகிறது, கட்டியங்காரன் மைக்கில் கத்துகிறான். முன்னால் விரித்த பாயில், தலை அம்மா மடியிலும் கால் தெருமண்ணிலுமாக ஒரு மூன்று வயதுப் பிள்ளை அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறது. அதே பிள்ளை மறுநாள் வீட்டில், ஃபேனுக்கு அடியில், மெத்தையில், பத்தரை மணி வரை ஆட்டம் போடுகிறது. தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருது, கால் அரிக்குது, அப்பா எங்க, இன்னொரு கதை!

கூத்து நடக்கும் தெருவில் அப்படி என்ன மருந்து இருக்கிறது? வெளிச்சம் தூரத்தில் இருக்கிறது. அம்மா இப்போதைக்கு எழுந்து போகப் போவதில்லை. "தூங்கு, தூங்கு" என்று யாரும் சொல்வதும் இல்லை. வீட்டில் இந்த மூன்றும் தலைகீழ். ட்யூப்லைட் எரிகிறது, டிவி ஓடுகிறது, அம்மா "தூங்கு, தூங்கு" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே அடுக்களைப் பக்கம் பார்க்கிறாள். தன்னை மட்டும் படுக்கவைத்துவிட்டு வீடே முழித்திருக்கிறது என்பதுதான் பிள்ளையின் வழக்கு. அந்த வழக்கில் நியாயம் உண்டு.

திண்டிவனத்தில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று என இரண்டு பேரப்பிள்ளைகளோடு மல்லுக்கட்டியதில் நான் கற்றதும், குழந்தை மருத்துவம் சொல்வதும் சேர்ந்த குறிப்புகள் இவை. ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

பகலிலேயே தொடங்குங்கள்

1. முதலில் கணக்குப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு இது: 1 முதல் 2 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம், 3 முதல் 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. மூன்று வயதுப் பையன் ஸ்கூல் வேனுக்காகக் காலை 6.30-க்கு எழ வேண்டும், மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறான் என்றால், மொத்தம் 11 மணி நேரம் ஆக இரவு 9 மணிக்குக் கண் மூடியிருக்க வேண்டும். அதாவது 8.30-க்குப் பாயில் இருக்க வேண்டும். ஏழு மணிக்கே படுக்கவைத்துவிட்டு "தூங்கவே மாட்டேங்கிறான்" என்று புலம்புவதும் தவறு, பத்து மணிக்குப் படுக்கவைத்துவிட்டுக் காலையில் அடித்து எழுப்புவதும் தவறு.

2. தூங்கும் நேரத்தை நம்மால் பிடிக்க முடியாது, எழும் நேரத்தைப் பிடிக்க முடியும். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, தினமும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். எழுந்ததும் பத்து நிமிடம் வாசல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். கோலம் போடும் இடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தால்கூடப் போதும். காலை வெயில் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இரவில் சரியாக அடிக்கும்.

3. மதியத் தூக்கம் மூன்று, மூன்றரை மணிக்குள் முடிந்துவிட வேண்டும். அங்கன்வாடியில் சாப்பாடு முடிந்து படுத்து எழுந்து வந்த பிள்ளையை, "வந்த களைப்பு, கொஞ்சம் படுக்கட்டும்" என்று ஐந்து மணிக்கு மறுபடி படுக்கவைப்பதுதான் பல வீடுகளில் ராத்திரி ஆட்டத்துக்குக் காரணம். அதற்காக மதியத் தூக்கத்தை அடியோடு நிறுத்தாதீர்கள். களைப்பு மிஞ்சிய பிள்ளை அமைதியாகச் சாயாது. பேய் பிடித்ததுபோல் ஓடும், காரணமில்லாமல் சிரிக்கும், காரணமில்லாமல் அழும். பெரியவர்களான நாம் அதைப் பார்த்து "இன்னும் தெம்பா இருக்கான்" என்று நினைத்துக்கொள்கிறோம்.

4. மாலை டீயில் பொறை தொட்டுக் கொடுப்பது நம் பக்கத்தில் பாசத்தின் அடையாளம். தாத்தா டீ குடிக்கும்போது பேரனுக்கும் அரை டம்ளர் போகும். டீ, காபி, கோலா எல்லாவற்றிலும் கஃபீன் உண்டு. பெரியவருக்கே மணிக்கணக்கில் உடம்பில் நிற்கும் அது, பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளையை என்ன பாடு படுத்தும்? பொறையைப் பாலில் தொட்டுக் கொடுங்கள், பாசம் குறையாது.

5. மாலை நான்கரை முதல் ஆறரை வரை பிள்ளை ஓட வேண்டும். மொட்டை மாடி, தெரு, கோயில் பிராகாரம், எங்கே என்றாலும் சரி. ஏழு மணிக்குப் பிறகு ஓட்டம், கிச்சுகிச்சு, தூக்கிப் போட்டுப் பிடிப்பது எதுவும் வேண்டாம்.

6. ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடியுங்கள். இட்லி, ரசஞ்சோறு, பருப்புச்சோறு போதும். நம் பக்கத்தில் மல்லாட்டை சீசனில் வீடெல்லாம் அவித்த மல்லாட்டை கிடக்கும். படுத்துக்கொண்டே மெல்லக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு முழுக் கொட்டை மூச்சுக்குழலில் போய் அடைக்கும் ஆபத்து எப்போதும் உண்டு, படுத்த நிலையில் இன்னும் அதிகம்.

7. அப்பா வரும் நேரம் ஒரு பெரிய சிக்கல். மறைமலைநகர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களும், சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களும் வீடு சேர ஒன்பது, பத்து மணி ஆகிறது. அப்பா முகம் பார்க்கக் காத்திருக்கும் பிள்ளையை ஏமாற்றவும் முடியாது. இப்படிச் செய்து பாருங்கள். காலையில் பிள்ளை எழுந்ததும் முதல் பதினைந்து நிமிடம் அப்பாவுக்கு. பல் தேய்ப்பது, முகம் கழுவுவது எல்லாம் அவர் வேலை. பிள்ளை எழும் முன்பே ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுகிறவர் என்றால், எட்டரை மணிக்குப் போனில் பேச்சு மட்டும், முகம் தெரியும் வீடியோ கால் வேண்டாம். "அப்பா மயிலம் தாண்டிட்டேன், நீ படுத்துக்கோ கண்ணு" என்ற ஒரு வரி போதும். எட்டே முக்காலுக்கு வந்துவிட்டால், வாசலிலேயே பிள்ளையைத் தூக்கிச் சுழற்றாமல், கை கால் கழுவிவிட்டு நேராகப் பாய்க்கு வந்து உட்கார வேண்டும்.

வீட்டைத் தூங்க வையுங்கள்

8. எட்டு மணிக்கு ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் என்ற சுரப்பு இருட்டினால்தான் சுரக்கும். சிறு பிள்ளையின் கண்மணி பெரியது, அதன் வழியாக உள்ளே போகும் வெளிச்சமும் அதிகம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயது வரையிலான 10 பிள்ளைகளைப் படுக்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். மெலட்டோனின் ஏறக்குறைய 88 சதவீதம் குறைந்துபோனது. 2018-ல் வெளியான ஆய்வு இது. வெள்ளை வெளிச்சத்துக்குப் பதில் மஞ்சள் ஜீரோ வாட் பல்பு போதும். விலையும் குறைவு, கரண்ட் பில்லும் குறைவு.

9. டிவியும் போனும் அடுத்த வேலை. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டல். நம் வீடுகளில் டிவி இருக்கும் ஹாலில்தான் பாயும் விரிக்கிறோம். "நீ தூங்கு, ஆயா சீரியல் பாக்கட்டும்" என்பது நடக்காத காரியம். சீரியலை மறுநாள் மதியம் பார்த்துக்கொள்ள ஆயாவை நீங்கள் கெஞ்சத்தான் வேண்டும். போனைப் பிடுங்காதீர்கள். "இந்தப் பாட்டு முடிஞ்சதும் நீயே ஆஃப் பண்ணு" என்று பொத்தானை அழுத்தும் பெருமையைப் பிள்ளைக்கே கொடுங்கள். பிறகு வீட்டில் இருக்கிற எல்லாப் போன்களும் அடுக்களையில் சார்ஜுக்குப் போகட்டும், உங்கள் போன் உட்பட.

10. நான்கே வேலை, தினமும் ஒரே வரிசை. கை கால் கழுவுவது, பல் தேய்ப்பது, பாய் விரிப்பது, கதை. வரிசை மாறக் கூடாது. அடுத்து என்ன என்று தெரிந்தால் பிள்ளையின் பதற்றம் பாதி அடங்கும். 405 தாய்மார்களை வைத்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், இரவு வேலைகளை ஒரே ஒழுங்கில் செய்த வீடுகளில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுவில் எழுவதும் குறைந்தது. அம்மாக்களின் மனநிலையும் தேறியது. கடைசியாகச் சொன்னதற்காகவே செய்யலாம்.

11. பாய் விரிக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். கோணலாகத்தான் விரிக்கும், திருத்தாதீர்கள். தான் விரித்த பாயில் படுக்க மறுக்கும் பிள்ளை குறைவு.

12. கத்திரி வெயில் மாதத்தில் பாதி அழுகை புழுக்கத்தால் வருவது. படுப்பதற்கு அரை மணி முன்பு வெதுவெதுப்பான தண்ணீரை உடம்புக்கு ஊற்றுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். குளித்தபின் உடம்பின் சூடு மெல்ல இறங்கும், அந்த இறக்கம்தான் தூக்கத்தை அழைத்து வரும். மாடியில் படுப்பவர்கள் தளத்துக்குத் தண்ணீர் தெளிப்பதை ஆறு மணிக்கே முடிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஊற்றினால் ஆவி கிளம்பி இன்னும் புழுங்கும். பழைய பருத்திச் சேலையை மிஞ்சிய போர்வை கிடையாது.

13. கொசுவர்த்திச் சுருளைப் பிள்ளை தலைமாட்டில் வைக்காதீர்கள், அந்தப் புகையே இருமலைக் கிளப்பித் தூக்கத்தைக் கெடுக்கும். கொசுவலை கட்டுங்கள். "இது உன் வீடு, கொசுவுக்கு இங்க இடமில்ல" என்று சொல்லிவிட்டால், உள்ளே போய்ப் படுப்பதே ஒரு விளையாட்டாகிவிடும்.

பாயில் படுத்த பிறகு

14. "தூங்கு" என்ற சொல்லை ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். தூக்கம் யார் உத்தரவுக்கும் வராது, உங்களுக்கே வராது. படுப்பது மட்டும்தான் பிள்ளையின் கையில் இருக்கிறது. "கண்ண மூட வேணாம். சும்மா படுத்துக்கிட்டு ஃபேன் சத்தம் கேளு" என்று சொல்லுங்கள். எதிர்க்க ஒன்றும் இல்லாதபோது எதிர்ப்பும் இருக்காது.

15. "படுக்கலாமா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்றுதான் பதில் வரும். "சிவப்புப் போர்வையா, பூப்போட்டதா?" என்று கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வேறு வழிகளும் உண்டு. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. குழந்தையோடு விளையாட வரும்படி நிலாவைப் புலவர்கள் நான்கு வழிகளில் அழைப்பார்கள்: சாமம், தானம், பேதம், தண்டம். நம் அம்மாக்களும் பிள்ளையிடம் இந்த நான்கையும்தான் வீசுகிறார்கள். கொஞ்சிச் சொல்வது சாமம். நாளைக்குப் பூங்கா என்பது தானம். "பக்கத்து வீட்டுப் பாப்பா அப்பவே தூங்கிட்டா" என்பது பேதம். "பூச்சாண்டி வரான்" என்பது தண்டம். முதல் இரண்டோடு நின்றுகொள்ளுங்கள். பேதம் பொறாமையை வளர்க்கும். தண்டம் பயத்தை வளர்க்கும், பயந்த பிள்ளைக்குத் தூக்கம் வராது.

16. எங்கள் வீட்டுப் பாசஞ்சர் வண்டி. இரண்டு பேரப்பிள்ளைகளும் கேட்டு வாங்கும் விளையாட்டு இது. பிள்ளையின் கால் பெருவிரல்தான் விழுப்புரம் ஜங்ஷன். உங்கள் ஆள்காட்டி விரல்தான் வண்டி. "வண்டி கிளம்பப் போவுது, விழுப்புரம் லைட்ட அணைச்சிட்டாங்க, விரல ஆட்டக் கூடாது" என்று மெல்லத் தொடங்குங்கள். கணுக்கால் முண்டியம்பாக்கம். முழங்கால் விக்கிரவாண்டி. வயிறு பேரணி. நெஞ்சு மயிலம். கண் இமை திண்டிவனம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும், நான்கைந்து மூச்சு விடும் நேரம். நகர்ந்ததும் அந்த ஸ்டேஷனில் விளக்கணைந்துவிடும், அந்த இடம் அசையாது. குரல் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு படி இறங்க வேண்டும். பிள்ளை சிரித்து ஆட்டினால் கோபம் வேண்டாம். "சிக்னல் கிடைக்கல, வண்டி நிக்குது" என்று காத்திருங்கள். உடம்பை ஒவ்வோர் இடமாகத் தளர்த்தும் பயிற்சிதான் இது, ஆனால் பிள்ளைக்கு அது தெரியாது. பெரும்பாலும் மயிலம் தாண்டுவதில்லை. திண்டிவனம் வந்தும் முழித்திருந்தால் வண்டி ஒலக்கூர் பக்கம் இன்னும் மெதுவாகப் போகும்.

17. கதை ஒன்றுதான், அதுவும் நேற்றுச் சொன்னதே. பெரியவர்களுக்கு அலுக்கும், பிள்ளைக்கு அலுக்காது. கதையில் சண்டை, துரத்தல், "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா" எல்லாம் வேண்டாம். செஞ்சிக்கோட்டையும் தேசிங்கு ராஜனும் பகலுக்கு ஆகட்டும். ராத்திரிக்கு வானூர் பக்கம் திருவக்கரையில் இருக்கும் கல்மரங்களைச் சொல்லுங்கள். ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால், பெரிய வெள்ளத்தில் மரங்கள் எல்லாம் மிதந்து மிதந்து வந்தன. களைத்துப்போய் மணலில் படுத்தன. மணல் போர்வை போர்த்தியது. தூங்கின, தூங்கின, தூங்கித் தூங்கிக் கல்லாகவே ஆகிவிட்டன. நிலவியல்படியும் ஏறக்குறைய உண்மைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் கதைக்கு மதிப்பு கூடும்.

18. தாலாட்டுக்குக் குரல்வளம் தேவையில்லை. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி "ரோ ரோ" என்று இழுத்தாலே தாலாட்டு. நம் மாவட்டத்து மேல்மலையனூரில் அமாவாசைதோறும் ராத்திரி அங்காளம்மனை ஊஞ்சலில் வைத்துத் தாலாட்டுப் பாடுகிறார்கள். ஊரைக் காக்கிற ஆத்தாவுக்கே பாட்டு வேண்டியிருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாமா? போனில் பாட்டைப் போட்டுவிட்டு நீங்கள் எழுந்து போனால் அது தாலாட்டு ஆகாது. தட்டிக்கொடுக்கும் கை உங்கள் மூச்சை ஒட்டி மெல்ல விழட்டும். அவசரமாகத் தட்டும் கை, "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிடும்.

19. "தண்ணி, ஒண்ணுக்கு, இன்னொரு முத்தம்" என்று நீளும் பட்டியலுக்கு ஒரு வழி. மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு பழைய பஸ் டிக்கெட் கொடுங்கள். "இந்த டிக்கெட்டுக்கு ஒரு தடவை எழுந்திரிக்கலாம், என்ன வேணும்னாலும் கேக்கலாம். அப்புறம் செல்லாது" என்பது விதி. பயன்படுத்தாமல் காலைவரை வைத்திருந்தால் நெற்றியில் ஒரு பொட்டு ஸ்டிக்கர் பரிசு. அமெரிக்க உளவியலாளர் பேட்ரிக் ஃப்ரிமன் குழுவினர் 1999-ல் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்த முறை இது. நமக்கு அட்டையைவிட டிக்கெட் பழக்கம். கேட்கும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அதைச் செலவழிக்க யோசிக்கும்.

20. டிக்கெட் தீர்ந்தபிறகும் எழுந்து வந்தால், திட்டாமல் கொஞ்சாமல் கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்கவையுங்கள். பத்து முறை வந்தால் பத்து முறை. திட்டுவதும் பிள்ளைக்கு ஒரு கவனிப்புதான். உங்களிடமிருந்து ஒரு சுவாரசியமும் கிடைக்கவில்லை என்றால் வருவதில் அர்த்தமில்லாமல் போகும்.

21. பிள்ளைக்குத் தனி அறை வேண்டும் என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். ஒரே அறையில் பாய் போட்டு எல்லோரும் படுப்பது நமக்குச் சரியான ஏற்பாடுதான். மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று, முழுக்கத் தூங்கும்வரை தட்டும் பழக்கம். முதல் மூன்று நாள் கண் சொருகும்வரை தட்டுங்கள். அடுத்த மூன்று நாள் கையை மேலே வைத்திருந்தால் போதும். பிறகு பக்கத்தில் படுத்திருந்தால் போதும். நடுவில் தானாக முழிக்கும்போது தானாகவே மறுபடி தூங்க இதுதான் பழக்கும்.

22. தூளி கைக்குழந்தைக்குச் சொர்க்கம். நன்றாக உட்கார்ந்து எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அது ஆபத்து. சேலையை முறுக்கிச் சுற்றி ஆடும்போது கழுத்தில் இறுகும். தம்பி பாப்பாவுக்குக் கட்டிய தூளியில் அக்கா தனியாக ஆடுவதையும் அனுமதிக்காதீர்கள். பயன்படுத்தாத நேரத்தில் சேலையை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

நடுராத்திரியில்

23. இருட்டுப் பயத்தை "ஒண்ணுமில்ல, படு" என்று தள்ளாதீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. கரண்ட் இல்லாத அந்த ராத்திரிகளைப் பார்த்த பிள்ளைகள் பிறகு தூறல் விழுந்தாலே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நடந்தது நிஜம், பயமும் நிஜம். பகல் வெளிச்சத்தில் அதைப் பேசவிடுங்கள். ஒரு சின்ன டார்ச்சைத் தலையணை ஓரத்தில் வையுங்கள். எரியவிட வேண்டாம், கைக்கு எட்டுகிறது என்ற தெம்பே போதும்.

24. அலறி எழுவது இரண்டு வகை. தூங்கிய முதல் சில மணி நேரத்தில், கண் திறந்தபடி அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் தள்ளினால் அது தூக்க அலறல். காற்று கருப்பு எதுவும் இல்லை. எழுப்பாதீர்கள், உலுக்காதீர்கள். இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் சில நிமிடங்களில் தானே அடங்கும், காலையில் பிள்ளைக்கு நினைவிருக்காது. தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு மெல்லப் புரட்டிவிட்டுப் பாருங்கள். விடியற்காலையில் அழுது எழுந்து, கண்டதைச் சொல்லி ஒட்டிக்கொண்டால் அது கெட்ட கனவு. அதற்கு மடிதான் மருந்து.

25. ஆடி மாதத்துக் கோயில் ஸ்பீக்கர், கல்யாணம், கூத்து என்று சில ராத்திரிகள் நம் கையில் இல்லை. அதை விட்டுவிடுங்கள். மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் எழுப்பி, மதியம் அரை மணி கூடுதலாகத் தூங்கவிட்டால் அன்று ராத்திரியே ஒழுங்கு திரும்பிவிடும்.

கூடவே கூடாதவை, டாக்டரிடம் காட்ட வேண்டியவை

26. தூங்கவைக்க மருந்து கொடுக்காதீர்கள். கசகசா அரைத்த பால் மூச்சையே மந்தப்படுத்தும். ஜாதிக்காய் அளவு மீறினால் வாந்தியும் படபடப்பும் வரும். பிராந்தி ஒரு சொட்டும் கூடாது. போன தடவை சளிக்கு வாங்கிய சிரப்பை "நல்லா தூங்குவான்" என்று ஊற்றுவதும் தவறு. குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் தரக் கூடாது என்று பாட்டிலில் அச்சிடும்படி 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே உத்தரவிட்டிருக்கிறது.

27. பிடிவாதம் என்று நாம் நினைப்பது நோயாக இருக்கலாம். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுதால் கீரிப்பூச்சி. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களையொட்டி, 1 முதல் 19 வயதுவரை இலவசமாகத் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். தினமும் குறட்டை, வாயால் மூச்சு, நடுவில் மூச்சு நின்று திணறல் இருந்தால் மூக்கின் பின்புறச் சதை வளர்ந்திருக்கலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். படுத்ததும் கால் குடைச்சல் என்றால் இரும்புச்சத்துக் குறைவா என்று கேளுங்கள். சந்தேகத்துக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

28. இரண்டு வாரம் பொறுங்கள். முதல் மூன்று ராத்திரி அழுகை கூடத்தான் செய்யும். வெற்றி இல்லை என்று நான்காம் நாள் கைவிட்டால், "இன்னும் சத்தமா அழுதா நடக்கும்" என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

29. கடைசியாக, பாத்திரம். எட்டரை மணிக்கு அம்மா பிள்ளை பக்கத்தில் படுத்திருப்பாள், காதோ அடுக்களையில் இருக்கும். அந்த உடம்பின் அவசரம் பிள்ளைக்குத் தெரியும். அம்மா எழுந்து போகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்த பிள்ளை கண்ணை மூடாது, முந்தானையைத்தான் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு ஒரு ராத்திரி, பாத்திரத்தை வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை யாராவது கழுவட்டும், அல்லது காலைவரை கிடக்கட்டும். கூத்து பார்க்க உட்கார்ந்ததுபோல, விடியும்வரை வேறு வேலையே இல்லாதவள் மாதிரி, பிள்ளை பக்கத்தில் படுத்துப் பாருங்கள்.